உப்பு ஏறிய நிலத்து உளுந்துக்கு பாக்டீரியா எவ்வளவு தூரம் துணை வரும்?

பரங்கிப்பேட்டைக்கு மேற்கே இரண்டு ஏக்கர். சம்பா அறுத்த தரிசில் உளுந்து. மாசி பாதி வரை பச்சையாக நிற்கிற செடி பங்குனி பிறக்கும்போது மஞ்சளாகி, பூத்த பூவும் கொட்டி, காய் பிடிக்காமலே போய்விடுகிறது. கடையில் "உப்பையும் வறட்சியையும் தாங்க வைக்கும் பாக்டீரியா" என்று ஒரு பாட்டில் தருகிறார்கள், வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பாட்டிலைப் பற்றிக் கேட்டிருந்தாலும், மண்ணில் இருக்கிற ஒரு நுண்ணுயிர் ஒரு செடிக்கு இல்லாத தெம்பை உண்மையிலேயே கொடுக்க முடியுமா என்பதுதான் உங்கள் சந்தேகம் என்று எடுத்துக்கொள்கிறேன். அதற்குப் பதில் தெரிந்தால் பாட்டிலை வாங்குவதா வேண்டாமா என்று நீங்களே முடிவு செய்துவிடுவீர்கள்.

சுருக்கமாக முதலில் சொல்லிவிடுகிறேன். முடியும். ஆனால் பாக்டீரியா உங்கள் வயலிலிருந்து ஒரு கிராம் உப்பைக்கூட எடுத்துவிடாது. செடி துவண்டு போகிற நாளைச் சில நாள் தள்ளிப் போடும். எழுபது நாள் பயிரில் சில நாள் என்பது பெரிய விஷயம். அந்தச் சில நாளில் காய் முற்றிவிட்டால் உங்களுக்கு லாபம். நிலத்தில் உப்பு எல்லை மீறியிருந்தால் அந்தச் சில நாளும் கிடைக்காது. நான் மண் நுண்ணுயிரியல் படித்தவள். கடலூர் மாவட்டத்திலும் புதுச்சேரிப் பக்கத்திலும் இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக உயிர் உர ஆய்வுக்கூடத்துக்கும் வயலுக்குமாக நடந்தவள். கீழே சொல்வதில் எது உறுதி, எது இன்னும் இழுபறியில் இருக்கிறது என்பதைப் பிரித்தே சொல்கிறேன்.

பாக்டீரியாவுக்குப் போகும் முன் அந்த மஞ்சளைப் பார்த்துவிட வேண்டும். உளுந்து மஞ்சளாவதற்கு நாலைந்து காரணம் உண்டு, எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து கிடையாது. இளம் இலையில் பளிச்சென்று திட்டுத் திட்டாக மஞ்சள் விழுந்தால் அது வெள்ளை ஈ பரப்புகிற மஞ்சள் தேமல் நோய். எந்த உயிர் உரமும் அதைக் குணப்படுத்தாது. இளம் இலையின் நரம்பு பச்சையாக இருந்து நடுவில் மட்டும் வெளுத்தால் இரும்புச் சத்து கிடைக்கவில்லை என்று அர்த்தம், காரம் ஏறிய மண்ணில் அடிக்கடி பார்க்கலாம். இலையின் ஓரமும் நுனியும் கருகி உள்ளே வந்தால் உப்பு. அடி இலையிலிருந்து மேலாகச் சீராக வெளுத்துக்கொண்டு வந்தால் நைட்ரஜன் பற்றாக்குறை, அதாவது வேர்முடிச்சு வேலை செய்யவில்லை. உங்கள் விவரிப்பைப் படித்தால் கடைசி இரண்டும் சேர்ந்து வருகிறது போலத் தெரிகிறது. செடியை நேரில் பார்க்காமல் இதற்கு மேல் சொல்வது சரியில்லை. இலையை நீங்களே ஒருமுறை இந்தக் கண்ணோடு பாருங்கள்.

வேர்முடிச்சு என்றதும் ஒரு பெரியவர் நினைவுக்கு வருகிறார். புவனகிரி பக்கம் ஒரு வயலில் உளுந்துச் செடியைப் பிடுங்கி என் முன் நீட்டி, "என்னம்மா, வேர்ல கொத்துக் கொத்தா கெடக்குதே, இது பூச்சிதான? மருந்து அடிச்சுடட்டுமா?" என்று கேட்டார். அவர் கேட்டது நல்ல கேள்வி. வேர்முடிச்சும் நூற்புழு உண்டாக்கும் வீக்கமும் பார்வைக்கு ஒன்று போலத் தெரியும். நகத்தால் தட்டினால் உருண்டையாகக் கழன்று வருவது பாக்டீரியா முடிச்சு. வேரே தடித்து, உரித்தாலும் பிரியாமல் இருப்பது நூற்புழு. அவருடையது நல்ல முடிச்சுதான். ஒன்றைப் பிளந்து காட்டினேன், உள்ளே மாமிசம் போல இளஞ்சிவப்பு. "ரத்தம் மாதிரி இருக்கே" என்றார். நம் ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபினின் உறவுக்கார புரதம்தான் அது, பெயர் லெக்ஹீமோகுளோபின். காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன் இருந்தும் செடியால் அதை நேரடியாக எடுக்க முடியாது. முடிச்சுக்குள் வாழும் ரைசோபியம் வகைப் பாக்டீரியாவின் நைட்ரஜனேஸ் என்ற நொதிதான் அதை அம்மோனியாவாக மாற்றுகிறது. அந்த நொதிக்கு ஆக்ஸிஜன் பட்டால் ஆகாது, பாக்டீரியாவுக்கோ மூச்சு விட ஆக்ஸிஜன் வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் நின்று அளந்து அளந்து ஆக்ஸிஜன் கொடுப்பது அந்தச் சிவப்புப் புரதம். பிளந்தால் சிவப்பாக இருக்கும் முடிச்சு உழைக்கிறது. வெள்ளையாக இருந்தால் இன்னும் தொடங்கவில்லை, அல்லது உழைக்காத ரகப் பாக்டீரியா குடியிருக்கிறது. பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் அதன் காலம் முடிந்துவிட்டது.

1886-இல் ஜெர்மனியின் ஹெர்மன் ஹெல்ரீகல் இந்த முடிச்சுகள்தான் காற்றின் நைட்ரஜனைப் பிடிக்கின்றன என்று காட்டினார். 1888-இல் நெதர்லாந்தின் மார்ட்டினஸ் பெய்ஜெரின்க் உள்ளே இருக்கும் பாக்டீரியாவைத் தனியாகப் பிரித்து வளர்த்தார். அதற்குப் பிறகு இத்தனை வருஷம் ஆகியும் இந்த உறவின் எந்தக் கண்ணி முதலில் அறுகிறது என்பது விவசாயிகள் பலருக்கும் போய்ச் சேரவில்லை. உங்கள் கேள்விக்கு அதுதான் முக்கியம் என்பதால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

முடிச்சு தானாக முளைப்பதில்லை. முளைத்த வேர் ஃபிளேவனாய்டு என்ற வேதிப்பொருளைக் கசிய விடும். அது மண்ணில் இருக்கும் ரைசோபியத்துக்கு அழைப்பு. பாக்டீரியா தன் பங்குக்கு வேறொரு பொருளை வெளியிட்டுப் பதில் சொல்லும். அந்தப் பதில் தனக்குப் பொருந்துவதாக இருந்தால் வேர்த்தூவி கொக்கி போல வளைந்து பாக்டீரியாவை மடக்கிப் பிடிக்கும். பிறகு தூவிக்குள் ஒரு நூல் போன்ற குழாய் உருவாகி, அதன் வழியே பாக்டீரியா வேரின் உள்ளே போகும். உள்ளே செல்கள் பெருகி முடிச்சாகத் திரளும். விதைத்த இரண்டு வாரத்தில் முடிச்சு கண்ணுக்குத் தெரியும், பூக்கும் சமயத்தில் உச்சம், காய் திரளும்போது தேய ஆரம்பிக்கும்.

உப்பு வந்தால் எது முதலில் தோற்கும்? நிறைய பேர் பாக்டீரியாதான் செத்துவிடும் என்று நினைக்கிறார்கள். ஆய்வுக்கூடத்தில் வளர்த்துப் பார்த்தால் பல ரைசோபிய ரகங்கள் உளுந்துச் செடி தாங்குவதைவிடப் பல மடங்கு உப்பில் வாழ்கின்றன. பிச்சாவரம் உப்பங்கழிக் கரையோரம் நிற்கிற புங்கமரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் அவரைக் குடும்பம்தான், அதன் வேரிலும் முடிச்சு உண்டு. உப்பு மண்ணில் இந்த உறவு நடக்கும் என்பதற்கு அதுவே சாட்சி. உளுந்தில் உடைவது இந்த இரண்டு பேரும் கைகோக்கிற கட்டம். உப்பில் வேர்த்தூவி குறைகிறது, இருக்கும் தூவியும் சரியாக வளைவதில்லை, உள்ளே போகும் நூல் பாதியில் நின்றுவிடுகிறது. செடி தனியாகத் தாங்கும் உப்பு, பாக்டீரியா தனியாகத் தாங்கும் உப்பு, இரண்டையும்விடக் குறைந்த உப்பிலேயே முடிச்சு உருவாவது தடைபடுகிறது. பல பயறு வகைகளில், பல நாடுகளில் திரும்பத் திரும்பப் பார்த்தது இது. இதை உறுதி என்றே சொல்வேன். முடிச்சு ஒருமுறை உருவாகி வேலை தொடங்கிவிட்டால் பிறகு வரும் உப்பை ஓரளவு சமாளித்துக்கொள்ளும். ஆகவே முதல் இருபது நாள் வேர்ப்பகுதியில் உப்பு குறைவாக இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. இந்த இருபது நாள் கணக்குக்குத் திரும்பி வருகிறேன்.

பாட்டிலில் எழுதியிருக்கிற வாக்குறுதிக்கு அடிப்படையான விஷயம் வேறொன்று. செடிக்கு உப்போ வறட்சியோ வெள்ளமோ எது வந்தாலும் உள்ளே எத்திலீன் என்ற வாயு ஹார்மோன் கூடும். வாழைக்காயைப் பழுக்க வைப்பதும் அதே எத்திலீன்தான். கொஞ்சம் இருந்தால் எச்சரிக்கை மணி. அளவு மீறினால் வேர் வளர்ச்சி நிற்கும், இலை மஞ்சளாகும், பூ உதிரும். நீங்கள் எழுதிய அறிகுறிகளே இவை. வேர்முடிச்சு உருவாவதையும் எத்திலீன் தடுக்கும் என்பதால் பயறு வகைக்கு அடி இரட்டிப்பு. செடி எத்திலீனைத் தயாரிக்கும் முன் ஏசிசி என்ற மூலப்பொருளைத் தயாரிக்கிறது, அதில் கொஞ்சம் வேர் வழியாக வெளியே கசிகிறது. வேரை ஒட்டி வாழும் சில பாக்டீரியாக்களிடம் ஏசிசி டீஅமினேஸ் என்ற நொதி இருக்கிறது. அவை அந்த ஏசிசியை அம்மோனியாவாகவும் ஒரு கரிம அமிலமாகவும் உடைத்துத் தமக்கு உணவாக்கிக்கொள்கின்றன. வெளியே ஏசிசி குறையக் குறைய உள்ளிருந்து மேலும் கசியும், செடிக்குள் எத்திலீன் அளவு இறங்கும். கனடாவின் பெர்னார்ட் கிளிக்கும் அவருடைய குழுவும் 1998-இல் இந்த விளக்கத்தை முன்வைத்தார்கள். பிறகு சூடோமோனாஸ், பாசில்லஸ் வகைகளில் பலவற்றிலும், சில ரைசோபியங்களிலும்கூட இந்த நொதி இருப்பது தெரிந்தது. பாக்டீரியா செடிக்குச் செய்யும் உதவியில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். அது தன் பசிக்குச் சாப்பிடுகிறது, அந்தச் சாப்பாட்டினால் செடியின் பதற்றம் தணிகிறது.

இன்னொரு உதவி, கையால் தொட்டே உணரக்கூடியது. ரைசோபியத்தைத் தட்டில் வளர்த்தால் கொழகொழவென்று பசை போல வரும். அந்தப் பசை நீண்ட சர்க்கரைச் சங்கிலிகளால் ஆனது. மண்ணில் அது வேரைச் சுற்றி மணல் துகள்களை ஒட்ட வைத்து ஒரு உறை கட்டுகிறது. அந்த உறை ஈரத்தைப் பிடித்து வைக்கும், சோடியத்திலும் ஒரு பங்கைக் கட்டிப்போடும். பாக்டீரியா தன் செல்லுக்குள் டிரிஹலோஸ் என்ற சர்க்கரையைச் சேர்த்து வைத்தும் வறட்சியைத் தாங்குகிறது. வேர் கிளைக்கத் தூண்டும் இண்டோல் அசிட்டிக் அமிலத்தைப் பல பாக்டீரியாக்கள் சுரக்கின்றன. வேர் ஆழமாகவும் அகலமாகவும் போனால் கீழே மிஞ்சியிருக்கும் ஈரத்தைத் தொடும். காரமான மண்ணில் இரும்பைப் பிடித்து வரும் பொருள்களைச் சூடோமோனாஸ் வெளியிடுகிறது. பாஸ்போபாக்டீரியா மண்ணில் கட்டுண்டு கிடக்கும் மணிச்சத்தை, அதாவது பாஸ்பரஸை, கரைத்து விடுகிறது. முடிச்சு வேலைக்கு மணிச்சத்து மிக அவசியம். ஒரு நைட்ரஜன் மூலக்கூறைப் பிளக்க ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு 16 செலவாகிறது, அந்த ஏடிபிக்குள் இருப்பது பாஸ்பரஸ். மணிச்சத்து குறைந்த நிலத்தில் ரைசோபியத்தை மட்டும் கொட்டிவிட்டுப் பலனை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

இதுவரை சொன்னவை எப்படி நடக்கிறது என்பது பற்றியவை. அவற்றில் பெரிய சண்டை இல்லை. வயலில் எவ்வளவு பலன் என்று கேட்டால் அங்கேதான் சந்தேகம் தொடங்குகிறது. இந்த ஆய்வுகளில் பெரும்பகுதி தொட்டியில் நடந்தவை. கிருமி நீக்கிய மண், அளந்து ஊற்றிய உப்புக் கரைசல், போட்டிக்கு வேறு நுண்ணுயிர் இல்லை. அங்கே இரண்டு செடியைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தால் வித்தியாசம் கண்ணைப் பறிக்கும். வயலில் அதே பாக்டீரியா ஒரு வருஷம் நன்றாக வேலை செய்யும், அடுத்த வருஷம் இருக்கும் இடம் தெரியாது. 2008-இல் வந்த ஓர் ஆய்வில் பாசில்லஸ் சப்டிலிஸ் வெளியிடும் வாயுக்கள் வேருக்குள் சோடியம் நுழையும் வாசலை ஓரளவு மூடிவிடுவதாகக் காட்டினார்கள். அருமையான வேலைதான். ஆனால் அது அராபிடாப்சிஸ் என்ற கடுகுக் குடும்பத்துச் சின்னச் செடியில், ஆய்வுக்கூடத்தில் பார்த்தது. அதை வைத்துக்கொண்டு "சோடியத்தைத் தடுக்கும்" என்று உளுந்து பாட்டிலில் அச்சடித்தால், அந்த வரியை நம்பிக் காசு கொடுக்காதீர்கள்.

வயலில் தடுமாறுவதற்கு ஒரு பெரிய காரணம் போட்டி. உளுந்து, பச்சைப்பயறு, காராமணி, மல்லாட்டை (நிலக்கடலை) எல்லாமே பெரும்பாலும் பிராடிரைசோபியம் என்ற ஒரே கூட்டத்தோடு உறவு வைத்துக்கொள்பவை, அதிகம் தேர்ந்தெடுக்காதவை. அந்தக் கூட்டம் நம் மண்ணில் காலங்காலமாக இருக்கிறது. நீங்கள் நல்ல ரகத்தை விதையில் பூசி அனுப்பினாலும், உழைப்பில் மந்தமான உள்ளூர்ப் பாக்டீரியா முந்திக்கொண்டு வேரைப் பிடித்துவிடலாம். அதனால் வருஷா வருஷம் பயறு போடும் புன்செயில் ரைசோபியம் பூசியதற்கும் பூசாததற்கும் வித்தியாசமே தெரியாமல் போவது உண்டு. உங்கள் நிலம் அப்படி இல்லை. மாதக்கணக்கில் தண்ணீர் நின்ற நெல் வயலில் ரைசோபியம் எண்ணிக்கை பொதுவாகக் குறைந்துவிடும். அறுத்த உடனே விதைக்கும் தரிசு உளுந்துக்கு, கூட்டாளி கிடைக்காத நிலை வரலாம். விதை நேர்த்தி செலவுக்கு மேல் பலன் தரும் வாய்ப்பு எங்கே அதிகம் என்று கேட்டால், நெல் தரிசு என்றுதான் சொல்வேன்.

இனி பாட்டில். நம் ஊர்ப் பொட்டலங்களில் வருகிற கறுப்புத் தூள் பெரும்பாலும் பழுப்பு நிலக்கரிப் பொடி. நெய்வேலி பக்கத்திலேயே இருப்பதால் தமிழ்நாட்டு உயிர் உரத்தில் பாக்டீரியாவைச் சுமக்கும் ஊடகம் நீண்ட காலமாக அதுவே. மத்திய அரசின் 1985-ஆம் வருஷத்து உரக் கட்டுப்பாட்டு ஆணையில் 2006-இல் உயிர் உரமும் சேர்க்கப்பட்டது. தூள் என்றால் ஒரு கிராமில் குறைந்தது 5 கோடி உயிருள்ள பாக்டீரியாவும், திரவம் என்றால் ஒரு மில்லியில் 10 கோடியும் இருக்க வேண்டும். கடையிலிருந்து வாங்கி வந்த பொட்டலங்களை ஆய்வுக்கூடத்தில் தட்டில் பரப்பிப் பார்த்திருக்கிறேன். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்கு அடியில் கிடந்தவற்றில் சில, தட்டில் ஒரு புள்ளிகூட வளராமல் போயிருக்கின்றன. ரைசோபியத்துக்கு 25 முதல் 30 டிகிரி வரை சுகம், 40 டிகிரியைத் தாண்டினால் பெரும்பாலானவை மடியும். உற்பத்தித் தேதி, காலாவதித் தேதி, எந்தப் பயிருக்கு, உள்ளே இருக்கும் பாக்டீரியாவின் முழுப் பெயர், இவை நான்கும் இல்லாத பாட்டிலைத் தொடவே வேண்டாம். உங்களிடம் காட்டிய பாட்டிலில் பாக்டீரியாவின் பெயரே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நான் வாங்க மாட்டேன். வேளாண் விரிவாக்க மையத்திலோ, விருத்தாசலம் மண்டல ஆராய்ச்சி நிலையத்திலோ, அண்ணாமலை நகர் வேளாண் புலத்திலோ விசாரியுங்கள். பாகூர், வில்லியனூர் பக்கத்தவர்கள் குரும்பாபேட் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்கலாம். விலையும் குறைவு, சந்தேகம் கேட்கவும் ஆள் இருக்கும்.

விதை நேர்த்தியைச் சரியாகச் செய்யாமல் வீணாவதும் நிறைய. 10 கிலோ விதைக்கு 200 கிராம் ரைசோபியம் பொட்டலம் ஒன்று, பாஸ்போபாக்டீரியா ஒன்று. திரவமாக இருந்தால் ஏக்கர் விதைக்கு 50 மில்லி. ஆறிய அரிசிக் கஞ்சியில் குழைத்து, விதை மேல் ஒரே சீராகப் பூசி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி, அன்றைக்கே தெளித்துவிட வேண்டும். கஞ்சி சூடாக இருக்கும்போதே கலப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், அதோடு எல்லாம் முடிந்தது. பூஞ்சாணக்கொல்லி கலப்பதாக இருந்தால் முதல் நாளே கலந்து, 24 மணி நேரம் கழித்துத்தான் பாக்டீரியா. பூஞ்சாணக்கொல்லிக்குப் பதில் சூடோமோனாஸ் என்றால் அந்தக் கவலை இல்லை, ரைசோபியத்தோடு கூடவே போடலாம். யூரியாவை அள்ளிப் போடாதீர்கள். மண்ணில் நைட்ரேட் தாராளமாக இருந்தால் செடி முடிச்சு போடும் சிரமத்தை எடுத்துக்கொள்ளாது. பூக்கும்போதும் அதிலிருந்து பதினைந்து நாள் கழித்தும் 2 சதவீத டிஏபி கரைசல் தெளிப்பது அனுபவத்தில் நிலைத்த முறை. வறட்சிக்கு இலைவழியாகத் தெளிக்கும் மெத்தைலோபாக்டீரியம் என்ற இளஞ்சிவப்புப் பாக்டீரியாவைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1 சதவீதக் கரைசலாகப் பரிந்துரைக்கிறது. பூக்கும் தறுவாயில் மண் காயத் தொடங்கும்போது அதைத் தெளித்தவர்களிடம் செடி சில நாள் கூடுதலாக நின்றதை நான் பார்த்ததுண்டு. மண்ணில் ஈரம் சுத்தமாக அற்ற பிறகு தெளித்தவர்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை.

அந்த இருபது நாள் கணக்கு. நம் பகுதியில் வருஷத்துக்கு ஏறக்குறைய 1,200 மில்லிமீட்டர் மழை, அதில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவமழை. ஐப்பசி, கார்த்திகை மழையும் சம்பாவுக்குக் கட்டிய தண்ணீரும் உப்பைக் கீழே அழுத்தி வைத்திருக்கும். 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை வந்து கடல் நீர் ஏறிய வயல்கள்கூட அடுத்தடுத்த மழையில் கழுவப்பட்டுத் தேறின. தை மாதம் தண்ணீர் வடிந்த பிறகு கதை திரும்புகிறது. மேல் மண் காயக் காய, விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவது போல, கீழே இருக்கும் உப்பு நீர் மேலே ஏறி வரும், தண்ணீர் ஆவியாகும், உப்பு தங்கிவிடும். மாசிக் கடைசியில் காலையில் பார்த்தால் வெள்ளையாகப் பூத்திருக்கும். உங்கள் செடி மஞ்சளாகிற நாளும் அதுவும் ஒன்றாக வருவது தற்செயல் இல்லை. அங்கே வறட்சியும் உப்பும் ஒரே நாளில் வந்து இறங்குகின்றன. ஆகவே தை நடுவில், அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன், மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போதே விதை தெளித்தால் முடிச்சு உருவாகும் காலம் முழுக்க உப்பு கீழே இருக்கும். அறுவடை இயந்திரம் கிடைக்கவில்லை என்று பத்து நாள் தள்ளிப் போய், அதன் பிறகு விதைப்பவர்கள் அந்தப் பாதுகாப்பை இழக்கிறார்கள். எந்த பாக்டீரியாவாலும் அந்தப் பத்து நாளைத் திருப்பித் தர முடியாது. இன்னொன்று வைக்கோல். இயந்திரம் விட்டுப் போகும் வைக்கோலை முழுக்கக் கட்டுக் கட்டி விற்காமல் கொஞ்சம் வயலிலேயே பரவ விடுங்கள். மண் மூடியிருந்தால் ஆவியாதல் குறையும், உப்பு ஏறுவது தாமதமாகும், மண்ணின் சூடு குறைவதால் பாக்டீரியாவும் பிழைக்கும். கட்டுக்குக் கிடைக்கிற காசு கண்ணுக்குத் தெரியும், இது தெரியாது. எனக்கு அதில் உள்ள சிரமம் புரிகிறது, பாதி வயலிலாவது செய்து பாருங்கள்.

மண் பரிசோதனை செய்யாமல் மேலே போக வேண்டாம். ஈசி என்கிற மின்கடத்துதிறன் எண்ணும், அமில கார நிலை எண்ணும் வேண்டும். இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது, பலரும் இதில் தவறுகிறார்கள். பயிர் இவ்வளவு உப்பைத் தாங்கும் என்று நூல்களில் இருக்கும் எண்கள், மண்ணைக் குழம்பாக்கிப் பிழிந்த சாற்றில் அளந்தவை. அந்தக் கணக்கில் மல்லாட்டை 3.2 டெசிசைமன் வரை தாங்கும், அதன் பிறகு ஒவ்வொரு எண் கூடும்போதும் மகசூல் 29 சதவீதம் விழும். காராமணி 4.9 வரை தாங்கும், பிறகு விழுவதும் 12 சதவீதம்தான். நம் பரிசோதனைக் கூடங்களில் ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர் ஊற்றி அளப்பார்கள். தண்ணீர் கூடியதால் எண் பல மடங்கு குறைந்து தெரியும். மண் அட்டையில் 1 என்று பார்த்துவிட்டு 3.2-க்கு இன்னும் தூரம் இருக்கிறது என்று நிம்மதி அடைந்துவிடாதீர்கள். அட்டையில் 1-ஐத் தாண்டினாலே பயறுக்கு எச்சரிக்கைதான். அமில கார நிலை 8.5-க்கு மேல் போய், மண் இறுகிக் கறுத்துத் தண்ணீர் இறங்காமல் நின்றால் அது வெறும் உப்பு ஏறிய உவர் இல்லை, காரம் ஏறிய களர். களருக்கு ஜிப்சமும் தக்கைப்பூண்டு என்ற பசுந்தாள் உரமும் முதலில், பாக்டீரியா பிறகு. உவர் மிக அதிகமாக இருந்தால் உளுந்தை விட்டுவிட்டு இரண்டு வருஷம் காராமணி போட்டுப் பாருங்கள் என்பேன்.

மல்லாட்டை பற்றியும் ஒருவர் பண்ருட்டியிலிருந்து கேட்டிருக்கிறார், அதற்கும் இரண்டு வார்த்தை. மல்லாட்டையில் பாக்டீரியா வேர்த்தூவி வழியாக நுழைவதில்லை. பக்க வேர் முளைத்து வெளிவரும்போது ஏற்படும் வெடிப்பு வழியாக நுழையும், அதனால்தான் முடிச்சுகள் பக்க வேரின் கணுவில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். சோயா போன்ற பயிரில் இலை வாடும் முன்பே நைட்ரஜன் பிடிப்பு நின்றுபோகும். மல்லாட்டை அந்த விஷயத்தில் கெட்டி, மண் காய்ந்தாலும் கொஞ்ச நாள் உழைத்துக்கொண்டிருக்கும். பண்ருட்டிச் செம்மண்ணில் உப்பை விட வறட்சிதான் பிரச்சினை, அங்கே பாக்டீரியாவுக்குத் துணையாக மட்கிய எரு போடுவது பலனைத் தெளிவாகக் கூட்டும். வெள்ளம் நின்றால் கதை வேறு. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் மழையில் தென்பெண்ணைக் கரையில் நடந்தது போல வேர் மூழ்கிவிட்டால் முடிச்சுக்கு மூச்சுக் காற்று போகாது. இரண்டு மூன்று நாளுக்கு மேல் நின்றால் உள்ளே இருக்கும் சிவப்பு மங்கத் தொடங்கும். அப்போது செய்ய வேண்டியது வடிகால் வெட்டுவதுதான்.

பரங்கிப்பேட்டை நண்பருக்குத் திரும்ப வருகிறேன். வருகிற தையில் முழு வயலுக்கும் ஒரே மாதிரி செய்துவிடாதீர்கள். வரப்போரத்தை விட்டு நடு வயலில், மேடு பள்ளம் இல்லாத இடத்தில், ஒரு பட்டைக்குப் பாக்டீரியா பூசாத விதை, பக்கத்துப் பட்டைக்குப் பூசிய விதை, இப்படி மாற்றி மாற்றி ஆறு பட்டை போடுங்கள். குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். முப்பதாவது நாள் ஒவ்வொரு பட்டையிலும் ஐந்து செடி எடுங்கள். பிடுங்கினால் முடிச்சு அறுந்து மண்ணிலேயே நின்றுவிடும், களைக்கொட்டால் ஒரு சாண் மண்ணோடு தோண்டி, வாளித் தண்ணீரில் ஊற வைத்து அலசுங்கள். முடிச்சை எண்ணுங்கள், பெரியதாகப் பார்த்துப் பத்தைப் பிளந்து எத்தனை சிவப்பு என்று குறித்துக்கொள்ளுங்கள். அறுவடையில் பட்டைக்குப் பட்டை தனியாக எடை போடுங்கள். அந்த எண்களையும், மண் அட்டையில் இருக்கும் ஈசி, அமில கார நிலை எண்களையும், அது எந்த முறையில் அளந்தது என்பதையும் இங்கே எழுதினால் உங்கள் வயலுக்கு எது பொருந்தும் என்று பெயர் சொல்லியே பதில் தருகிறேன். மண் மாதிரியை மட்டும் தைக்குக் காத்திருக்காமல், வெள்ளை பூத்திருக்கும் இந்தச் சமயத்திலேயே ஒருமுறையும், மழை முடிந்து ஒருமுறையும் எடுத்து வையுங்கள்.